பாப்பாவின் அட்மிஷனுக்கு முன் ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

பாப்பாவை 11-ஆம் வகுப்புக்கு அந்த ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்க வேண்டாம் என்றேன், நேற்று பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டாய். "மார்க் வாங்கித்தானே நீயும் டீச்சர் ஆனாய், என் மகள் வாங்கினால் மட்டும் உனக்கு ஏன் உறுத்துகிறது?" என்று கேட்டாயே, அதற்கு வாயில் பதில் வரவில்லை. எனக்கு எழுதினால்தான் வரும்.

முதலில் உன் பக்கத்து நியாயம். நம் ஊர்ப் பக்கம் மார்க்கை இளக்காரமாகப் பேசுவது வயிறு நிறைந்தவர்களின் வேலை. ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1953-இல் ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பாதி நேரம்தான். மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழக வேண்டும். ஏடும் தொழிலும் சேர்ந்த கல்வி என்று கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். 1954-இல் காமராஜர் வந்ததும் அதைக் கைவிட்டார். அது நிலைத்திருந்தால் என் கையில் சாக்பீஸ் இருந்திருக்காது, களைக்கொத்துதான் இருந்திருக்கும். அதனால் மார்க் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நான் சொல்ல வந்தது வேறு. இதுவரை உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

பென்னாகரம் பக்கத்தில் இருபது வருடம் 12-ஆம் வகுப்பு வேதியியலில் ஹாலஜன்கள் என்ற தனிமக் குடும்பத்தை நடத்தினேன். ஃபுளூரின்: அணு எண் 9, எலக்ட்ரான் கவர்தன்மை எல்லாத் தனிமங்களையும்விட அதிகம். எந்த வருடம் எந்தக் கேள்வி வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பல பேர் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார்கள். மேல்வரிசைப் பற்களில் குறுக்கே பழுப்புக் கோடுகள். ஆசிரியர் அறைச் சுவரில் குரூப் போட்டோக்கள் மாட்டியிருக்கும். வரிசையாகப் பார்த்தால் எந்த வருடத்திலும் ஒரு பல்லும் தெரியாது. போர்டில் நான் எழுதிய ஃபுளூரின்தான் தண்ணீரில் ஃபுளூரைடு உப்பாகக் கலந்து அந்தப் பற்களில் கறையானது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதைப் பாடமாக நான் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் மூன்றாவது பெஞ்சுப் பெண் எழுந்தாள். "மிஸ், பேஸ்ட்டில் ஃபுளூரைடு இருந்தால் பல்லுக்கு நல்லது என்கிறார்கள். நம் தண்ணீரில் இருப்பது மட்டும் ஏன் கெடுதல்?" என்றாள். "அது பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றேன். உட்கார்ந்தாள். 200-க்கு 190-க்கு மேல் வாங்கிப் போனாள். அந்த வருடம் முழுக்க என்னிடம் வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நம் பெரியப்பாவை நினைத்துப் பார். கழுத்தைத் திருப்ப முடியாமல், யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவாரே. வாதம் என்று நீயும் நானும்தானே எண்ணெய் தேய்த்துவிட்டோம்! எலும்பில் ஃபுளூரைடு ஏறினாலும் அப்படித்தான் இறுகும். வேதியியல் படித்து முடித்து வந்த பிறகும் நான் எண்ணெய்தான் தேய்த்தேன்.

அடுத்த வருடப் பிள்ளைகளை வீட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். சோதனை மருந்தை விட்டால் இளஞ்சிவப்பு வெளிறி மஞ்சளாகும். மஞ்சள் ஏற ஏற ஃபுளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது. மேஜை மேல் குழாய்களை வரிசையாக வைத்ததும், ஒரு வார்த்தை விடைக்கு மேல் வாய் திறக்காத பையன்கள் சண்டை போட ஆரம்பித்தார்கள். எங்கள் போர்வெல் ஆழம், அதனால் நல்ல தண்ணீர் என்றான் ஒருவன். அவனுடையதுதான் நல்ல மஞ்சள். ஏன் என்று பாறைக்குப் போனோம். பாறையில் இருக்கும் ஃபுளூரைடு, நீர் அங்கே தங்கத் தங்கக் கரைந்து இறங்குகிறது. அங்கிருந்து பல்லுக்கு வந்தோம். பேஸ்ட்டை வெளியே தேய்த்துத் துப்பிவிடுகிறோம். தண்ணீர் ரத்தத்தில் கலந்து, ஈறுக்குள் பல் உருவாகும்போதே கறையை வைத்துவிடுகிறது. எட்டு வயதுக்குள் காரியம் முடிந்துபோகிறது. அந்தப் பெண்ணுக்கு நான் தராத பதில் இதுதான். அவளுக்கு அது போய்ச் சேரவே இல்லை.

நான்கு வகுப்பு பின்தங்கினேன், தலைமையாசிரியரிடம் திட்டும் வாங்கினேன். ஆனால் அடுத்த கிராம சபைக்கு இரண்டு பிள்ளைகள் மனு எழுதிக்கொண்டு போனார்கள். 2013-இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததற்கும் அந்த மனுவுக்கும் சம்பந்தம் இல்லை, பெருமை பேசவில்லை. பெரியவர்கள் முன்னால் அவர்களில் ஒரு பையன் கையால் வாயை மறைக்காமல் பேசினான் என்று கேள்விப்பட்டேன். அவன் மார்க்கும் குறையவில்லை.

இனி உன் பாப்பா. போன சீசனில் மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் லாரி வரிசையில் நிற்கும்போது, "நம்முடைய பெங்களூரா மாங்காய்க்கு அவர்கள் ஏன் விலை சொல்கிறார்கள்?" என்று கேட்டாளாமே. நீ அதட்டினாயாம். அவளே சொன்னாள். நாம் இருவரும் ஒரே அம்மா பிள்ளைகள்தான், சந்தேகமில்லை.

அந்த ஹாஸ்டல் பள்ளிக்கு உன்னோடு வந்தபோது, 11-ஆம் வகுப்புப் பாடத்தை எப்போது நடத்துவீர்கள் என்று அங்கே பொறுப்பில் இருந்தவரைக் கேட்டேன், அவர் சிரித்தார். 11-ஆம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிடும் இந்தத் தில்லுமுல்லை நிறுத்தத்தான் 2017-18-இல் 11-க்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-இல் அதையும் எடுத்தாகிவிட்டது. இரண்டு வருடமும் 12-ஆம் வகுப்பு விடைகள்தான் ஓடும். மைதானத்தைக் காட்டச் சொன்னேன், பஸ் நிறுத்தும் இடத்தைக் காட்டினார். அங்கே அவள் லாரிக் கேள்வியை யாரிடம் கேட்பாள்?

உன் கணக்கிலும் ஒன்று சொல்கிறேன். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறாள். 12 வரை அங்கேயே முடித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. 2020-லிருந்து இருக்கிறது. இப்போது மாற்றினால் லட்சக்கணக்கில் பணத்தையும் கட்டி அதையும் இழப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணம் வருகிறேன். முன்பணம் கட்டியிருந்தால் ரசீதை எடுத்து வை, போய்க் கேட்டுப் பார்ப்போம். தோட்டத்து போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைக்கச் சொல். நீ பிடிக்காதே, அவளே பிடிக்கட்டும். அதே தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். கண்ணாடி பாட்டில் வேண்டாம், பிளாஸ்டிக்தான். ஏன் என்று கேட்பாள். அத்தை வந்து சொல்வாள் என்று சொல், அதட்டாதே.

அன்புடன்,
அக்கா