கீப்பர் அண்ணன கோச்சாக்குங்க: நம்ம கிளப் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டி அண்ணன்மாருக்கு வணக்கம்.

சின்னப் பசங்க டீமுக்கு கோச் தேடுறீங்களாம், மதுரையிலேருந்து ஒரு ஃபாஸ்ட் பவுலர் வர்றதா பேச்சு அடிபடுது. வரட்டும், வேணாங்கல. ஆனா இருவது வருசம் நம்ம டீமுக்கு கீப்பிங் பண்ண மனுசன் இங்க காரைக்குடியிலயே கடை வச்சு உக்காந்திருக்காரே, அவரு ஞாபகம் ஒருத்தருக்கும் வரலையாண்ணே?

நமக்கு கீப்பர்னாலே ஒரு இளக்காரம். பவுலிங் வராதவன், ஓட முடியாதவன் கையில கிளவுஸ குடுத்து ஸ்டம்புக்கு பின்னாடி தள்ளி விட்டுருவோம். 50 ஓவர் மேட்ச்னா அவன் 300 தடவ குந்தி எந்திரிக்கணும், வைடு நோபால் கணக்கு தனி. பவுலர் மணிக்கட்டு எப்படித் திரும்புது, பேட்ஸ்மேன் முன்னங்கால் எங்க போகுதுன்னு ஒவ்வொரு பந்துக்கும் பக்கத்துல இருந்து பாக்குறவன் அவன்தான். அதுலயும் நம்ம செம்மண் பொட்டல்ல ஒண்ணு சரளக்கல்லுல பட்டு மூஞ்சிக்கு வரும், அடுத்தது கணுக்காலுக்கு கீழ உருளும், அண்ணன் ரெண்டையும் புடிச்சாரு.

நான் சிஎஸ்கே ஆளு, இத எழுதவே கை கூசுது, ஆனாலும் சொல்லித்தான் ஆகணும். ஐபிஎல்ல 17 சீசனா கப்பே பாக்காத பெங்களூரு டீம் ஆர்சிபி 2025ல ஜெயிச்சப்ப ஹெட் கோச் ஆண்டி ஃபிளவர், ஜிம்பாப்வே கீப்பர், 63 டெஸ்ட்ல பேட்டிங் சராசரி 51க்கு மேல. இங்கிலாந்துக்கு கோச்சா இருந்து 2010ல டி20 உலகக்கோப்பை வாங்கிக் குடுத்தாரு, அப்புறம் ஆஸ்திரேலியாவுக்கே போயி, ரெண்டு நாடும் மோதுற ஆஷஸ் டெஸ்ட் தொடர 3-1ன்னு அடிச்சாங்க. ஆர்சிபியில அவருகூட பேட்டிங் கோச் யாரு? நம்ம சென்னை தினேஷ் கார்த்திக். 2004ல லார்ட்ஸ்ல முதல் ஒன்டேலயே மைக்கேல் வாகன ஸ்டம்பிங் பண்ண கை அது. தோனி வந்தப்புறம் டீமுக்கு உள்ளயும் வெளியயுமா எத்தன வருசம் அலைஞ்சாரு! சான்ஸ் கிடைக்காத பையன்கிட்ட என்ன பேசணும்னு அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

நம்ம அண்ணனுக்கும் அந்தக் கத தெரியும். மாவட்ட டீமுக்கு ரெண்டு தடவ போயி ரெண்டு தடவயும் தண்ணி பாட்டில் தூக்கிட்டு வந்தவரு.

சர்டிபிகேட் இல்லைன்னு சொல்லுவீங்க. அத அப்புறம் எழுதி வாங்கிக்கலாம், மொதல்ல ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு மணி நேரம் குடுத்துப் பாருங்க. சம்பளம் பத்தி நானே அவருகிட்ட கேட்டேன், "அது கெடக்கட்டும்டா தம்பி, செவுத்துல அடிச்சுப் புடிக்க நாலு ரப்பர் பந்து வாங்கி வைக்கச் சொல்லு"ன்னாரு.

பந்து நான் வாங்கிட்டேன்.

இப்படிக்கு,
பழைய லெக் ஸ்பின்னர், அவரு கையால பாதி விக்கெட் எடுத்தவன்