ஆட்டுக்கல் சனிக்கிழமை வருகிறது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். மாப்பிள்ளையையும் குட்டியையும் கேட்டதாகச் சொல். போனில் பேசினால் பாதியிலேயே "அம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதி, வண்டிக்காரத் தம்பியிடம் ஆட்டுக்கல்லோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன்.

புது வீட்டுக்கென்று நீ அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தேன். அப்பாவிடமும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம பழைய வீடு மாதிரியே இருக்கே, இதுக்கா இவ்வளவு செலவு?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹாலில் சிவப்புத் தரை, பூசாமல் விட்ட செங்கல் சுவர், மூலையில் பித்தளை அண்டா, நடுவில் ஆட்டுக்கல், அதில் தண்ணீர், தண்ணீரில் பூ.

அந்தச் சிவப்புத் தரைக்காக நீ அழுத அழுகை உனக்கு மறந்திருக்கும். பத்தாவது படித்தாய். காவேரிப்பட்டணத்தில் கூடப் படிக்கிற பிள்ளைகள் வீட்டிலெல்லாம் டைல்ஸ் போட்டாயிற்று, நம் வீட்டுக்கு மட்டும் யாரையும் கூப்பிட முடியவில்லை என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. 2008இல் மாங்காய்க் காசு கைக்கு வந்ததும் அப்பா செய்த முதல் வேலை டைல்ஸ் போட்டதுதான். முகம் தெரிகிற மாதிரி பளபளவென்று நீதான் தேர்ந்தெடுத்தாய். அதில் மழைக்காலத்தில் நான் இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். அதைச் சொல்லிக்காட்டவில்லை, சும்மா ஞாபகம் வந்தது.

அந்தத் தரையை 1993இல் போட்டபோது நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். உன் டிசைனரிடம் இதைச் சொல். கீழே போட்ட கலவை இறுகும் முன்பே ரெட் ஆக்ஸைடு பொடியும் சிமெண்டும் குழைத்து மேலே பூச வேண்டும். கொத்தனார் பலகை மேல் குந்திக்கொண்டு கரணையால் தேய்த்துத் தேய்த்துப் பின்பக்கமாகவே நகர்ந்து வருவார். ஓர் அறையை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால், சேர்ந்த இடம் ஆயுசுக்கும் கோடாகத் தெரியும். மறுநாளே ஓரத்தில் பாத்தி கட்டி ஒரு வாரம் தண்ணீர் நிறுத்தணும். அதில் சோம்பல்பட்டால் வெடிப்புதான். காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்ப்போம். பளபளப்பு ஒரு வருஷத்துக்கு அப்புறம்தான் வரும், அதுவும் நடந்து நடந்து. இதற்கெல்லாம் பொறுமை உள்ள ஆள் பெங்களூரில் கிடைத்தால் போடு.

நம் தரையில் சாமி அறை வாசலில் நான்கு குளம்புத் தடம் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பூசி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கயிற்றை அறுத்துக்கொண்டு ஆட்டுக்குட்டி உள்ளே ஓடி வந்துவிட்டது. கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். உங்க ஆயா மட்டும், "லட்சுமி வந்திருக்கா, அழிக்காதே" என்று சொல்லிவிட்டார். அந்தக் குழிகளில் புளியங்கொட்டை போட்டு நீ விளையாடுவாய். டைல்ஸ் போட வந்தவர்கள் முதலில் அதைத்தான் கலவை வைத்து அடைத்தார்கள்.

சரி, ஆட்டுக்கல்லுக்கு வருகிறேன். படத்தில் அது உனக்கு அழகாக இருக்கிறது. எனக்கு அதைப் பார்த்தால் தோள்பட்டைதான் வலிக்கிறது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் இட்லிக்குப் போட்டால் இரண்டு மணி நேரம் அதன் முன்னால். ஒரு கை குழவியைச் சுற்றும், ஒரு கை மாவைத் தள்ளும். நீ பிறந்து மூன்றாம் மாசம் மடியில் உன்னைப் போட்டுக்கொண்டே ஆட்டியிருக்கிறேன். தெருவில் "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று குரல் கேட்டால் ஒரு பக்கம் சந்தோஷம், கொத்தினால் மாவு சீக்கிரம் அரையும். இன்னொரு பக்கம் கடுப்பு, முதல் நாள் அரைப்பதில் எல்லாம் கல் மண்ணாக இருக்கும், அரிசியைப் போட்டு அரைத்துக் கொட்ட வேண்டும். 1996இல் கோயமுத்தூர் கிரைண்டர் வாங்கிய அன்று நான் ஆட்டுக்கல்லை வீட்டுக்குப் பின்னால் உருட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அதில் கோழிதான் தண்ணீர் குடித்தது. வேலை வாங்காத பொருள்தான் பார்க்க அழகாக இருக்கும் போல. உனக்கு அது வேலை வாங்கவில்லை, அதனால் நீ ரசிக்கிறாய். தப்பில்லை.

உங்க ஆயா மிக்ஸி சட்னியில் கரண்ட் வாசனை அடிக்கிறது என்று ஒரு வருஷம் தொடவில்லை. அதே ஆயாதான் அரசாங்கம் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் மூன்றும் கொடுத்தபோது வெயிலில் வரிசையில் நின்று வாங்கி வந்து, மஞ்சள் குங்குமம் வைத்து, அட்டைப்பெட்டியோடு பரண் மேல் ஏற்றினார். நான் மட்டும் ஒழுங்கா? முதல் ஃப்ரிட்ஜை ஹாலில்தான் வைத்தேன். சமையலறையில் இடமில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான். அதற்கு மேலே பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, கைப்பிடிக்குக்கூட ஒரு உறை. டிவிக்கு நானே குரோஷாவில் பின்னிய துணி. ஷோகேஸை நீ 'குப்பை' என்கிறாய். உன் பேச்சுப்போட்டிக் கோப்பை மூன்றும் அந்தக் குப்பையில்தான் இருக்கிறது.

ஓபன் கிச்சன் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒரு நாள் மிளகாய் வறுத்தால் நீயே கதவு கேட்பாய்.

ஆனால் அந்த வெள்ளைக் கல்லுக்கு மட்டும் மனசு வரவில்லை. நம் ஜில்லாக் கிரானைட் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகிறது, நீ சமையல் மேடைக்குக் குவார்ட்ஸ் போடுகிறாய். அது முழுக்கக் கல்லும் இல்லை, கல் தூளைப் பிசின் வைத்து இறுக்கியது. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை நேராக வைத்தால் பிசின் கருகித் தடம் விழும். மஞ்சள் சிந்தி உடனே துடைக்காவிட்டால் கறை தங்கும். நம் வீட்டுக் கருப்புக் கல்லில் இத்தனை வருஷமாகக் கொதிக்கிற களிச்சட்டியை இறக்குகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

களி என்றதும் இன்னொன்று. போன தடவை வந்தபோது உன் வீட்டில் எனக்குக் களி சரியாக வரவில்லை, கட்டி கட்டியாகிவிட்டது. மாவைக் குறை சொன்னாய். மாவு நம் காட்டு ராகிதான், குறை மேடையில். மேடை இடுப்புக்கு மேலே நிற்கிறது. களியை மேலேயிருந்து அழுத்திக் கிண்ட வேண்டும். ராகி மாவு வெந்ததும் சட்டியைத் தரைக்கு இறக்கி, பிரிமணை மேல் வைத்து, காலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, கட்டையை இரண்டு கையாலும் பிடித்து உடம்பு பாரத்தை இறக்கினால்தான் உருண்டை கையில் ஒட்டாமல் வரும். அந்தக் கண்ணாடி அடுப்பு மேல் இந்த வேலையெல்லாம் நடக்காது. அதனால் சமையலறையில் ஒரு ஓரமாக நான் உட்காருகிற அளவுக்குத் தரையைக் காலியாக விடச் சொல். டிசைனர் அங்கே அலமாரி வைக்கலாம் என்பார். விடாதே.

தண்ணீர் மெஷினை அலமாரிக்குள் மறைக்கப் போவதாகச் சொன்னாய். பார்க்க நன்றாக இல்லையாம். அப்பாவின் பல்லில் இருக்கிற பழுப்புக் கறையைச் சின்ன வயதில் நீ பீடிக் கறை என்று நினைத்தாயே, அது இந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீரின் ஃப்ளோரைடு. காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருகிற வரைக்கும் நமக்கு வேறு வழி இல்லை. உங்கள் அபார்ட்மெண்டிலும் போர்வெல் தண்ணீர் என்கிறாய். மெஷினை உள்ளே வைத்தால் ஃபில்டர் மாற்றச் சொல்லும் விளக்கு எரிவது யார் கண்ணில் படும்? வெளியே இருக்கட்டும்.

ஆட்டுக்கல் குழியில் தண்ணீர் வடிய வழி கிடையாது. வாரம் ஒரு தடவை கொட்டி, உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவு. டெங்குக் கொசு தெளிந்த தண்ணீரில்தான் வரும். தண்ணீர் வற்றினாலும் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உயிரோடிருக்கும். குட்டி இருக்கிற வீடு.

அம்மி கிடையாது. கேட்காதே. ரசத்துக்கு மிளகு சீரகம் இன்னும் அதில்தான் தட்டுகிறேன். பழைய நிலைக்கதவை வேண்டுமானால் பொங்கலுக்கு வரும்போது எடுத்துப் போ, கீழ்ப்பக்கம் கொஞ்சம் கரையான் அரித்திருக்கிறது.

கல்லை ஏற்ற நான்கு பேர் ஆனது. அங்கே லிஃப்ட் தாங்குமா என்று செக்யூரிட்டியிடம் முன்னாலேயே கேட்டு வை. குழவியைத் தனியாகச் சாக்கில் சுற்றியிருக்கிறேன். இன்னொரு பையில் ராகி மாவு, மாங்காய் ஊறுகாய், களி கிண்டும் கட்டை இருக்கிறது. கட்டை புதுசு, அப்பா செதுக்கியது. அதைச் சுவரில் மாட்டிவிடாதே.

அம்மா