புவாரோவின் கடைசி வழக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

துப்பறிவாளர் புவாரோவின் கடைசி நாவலான ‘கர்ட்டன்’ படித்துவிட்டு நீ எழுதியது கிடைத்தது. புவாரோவைச் சாகடித்ததற்கு அகதா கிறிஸ்டியை அவ்வளவு திட்டியிருக்க வேண்டாம். அதை அவர் எழுதியது இரண்டாம் உலகப் போரின்போது. லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலம். நாளை இருப்போமா என்பதே நிச்சயமில்லை. எழுதி முடித்து, உரிமையை மகள் ரோசலிண்டுக்குக் கொடுத்து, பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டார். பெண்ணுக்கு நகை சேர்த்துவைப்பதைப்போலத்தான். 1975-இல்தான் அச்சேறியது. கற்பனை மனிதருக்கு நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் இரங்கல் செய்தி போட்டது! அடுத்த ஜனவரியில் கிறிஸ்டியும் காலமாகிவிட்டார்.

தன் கையால் கொல்லாமல், பேச்சாலேயே மற்றவரைக் கொலைக்குத் தூண்டும் ஆள் ஒருவன் இருப்பான் என்பதை நம்ப முடியவில்லை என்கிறாய். எனக்கு அதில் சிரமமே இல்லை. கல்யாண வீடுகளில் பார்த்ததில்லையா? நல்லவர்போல இரண்டு வார்த்தை போட்டுவிட்டு, பந்தியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். கொலைவரை போவதில்லை, அவ்வளவுதான்.

என்னை உலுக்கியது புவாரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸ்தான். 1920-இல் வந்த முதல் புவாரோ நாவலில், ‘கர்ட்டன்’ நடக்கும் இதே ஸ்டைல்ஸ் மாளிகைக்கு வந்த இளம் ராணுவ வீரர், இப்போது மனைவியை இழந்த தகப்பன். அல்லர்டன் என்ற பெண்பித்தன் யாரோ ஒருத்தியை லண்டனுக்கு வரச் சொல்வது காதில் விழுகிறது. அது தன் மகள் ஜூடித்தான் என்று முடிவுகட்டி, அவனுடைய தூக்க மாத்திரைகளையே எடுத்து விஸ்கியில் கலந்து வைக்கிறார். அவன் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் புவாரோ கூப்பிட்டு ஒரு கோப்பை சூடான சாக்லேட் கொடுக்கிறார். அதில் தூக்க மருந்து! மனிதர் நாற்காலியிலேயே விடியும்வரை தூங்கிவிடுகிறார், தூக்குமேடை தப்பியது. கடைசியில் பார்த்தால் அந்தப் பெண் ஜூடித்தே இல்லை. ஜூடித்தின் மனத்தில் இருந்தவர், அவள் யாரிடம் வேலைபார்த்தாளோ அந்த ஆராய்ச்சி மருத்துவர். அதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. இவரும் கேட்க வேண்டிய விதத்தில் கேட்கவில்லை. துப்பறியும் கதையில் இப்படியொரு தகப்பனை வேறெங்கும் நான் படித்ததில்லை.

துக்கம் போக, கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான மிஸ் மார்பிள் என்ற வயதான அம்மாளின் கடைசி நாவலை எடு. அதுவும் பெட்டகத்தில் கிடந்ததுதான். அது கிறிஸ்டி தன் கணவருக்குக் கொடுத்தது. பயப்படாதே, அந்த அம்மாள் சாகவில்லை. கொலைகாரன் கண்ணிலேயே சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்.

அன்புடன்,
அப்பா