அண்ணனுக்கு: அந்த நோட்டின் எட்டாம் பக்கம்

அண்ணா,

வருகிற வெள்ளிக்கிழமை உன் அப்பாவுக்கு, என் பெரியப்பாவுக்கு, தலைத் திவசம். நீ வருவது சந்தேகம்தான் என்று பெரியம்மா நேற்று சொன்னார்கள். உனக்கு நாலு தடவை போன் அடித்துவிட்டு, நீ எடுப்பதற்குள் நானே வைத்துவிட்டேன். எடுத்திருந்தாலும் பிள்ளைகள் படிப்பு, உர விலை என்று பேசி முடித்திருப்போம். அதனால் இங்கே எழுதுகிறேன். இதையெல்லாம் நீ படிக்கிறாய் என்று அண்ணி சொல்லியிருக்கிறார். நம் ஊர் ஆட்களும் படிப்பார்கள், தெரியும். நடந்தது ஊரைக் கூட்டி வைத்து நடந்தது. உன் காதில் மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

2011 காணும் பொங்கல், நாம் ஊரில் போட்ட அந்த நையாண்டி நாடகம். இதற்கு மேல் உனக்கு விளக்கம் வேண்டாம்.

உனக்குத் தெரியாததை முதலில் சொல்கிறேன். போன வருஷம் சித்திரையிலிருந்து சனிக்கிழமை தோறும் தஞ்சாவூரிலிருந்து ஊருக்குப் போய் வந்தேன். பெரியப்பாவால் திண்ணை வரைதான் நடக்க முடிந்தது. சாயங்காலமானால் என் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து இரண்டு பேரும் படம் பார்ப்போம். ஒருநாள் ‘இம்சை அரசன் 23ம் புலிகேசி’ போட்டேன். 2006ல் அது வந்தபோது நாம் வீடு முழுக்க அதே வசனத்தைப் பேசிக்கொண்டு திரிந்தோமே, அப்போது அவர் பார்க்கவில்லை. நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுகிற ராஜபார்ட்காரருக்கு அந்தப் படத்தில் என்ன இருக்கப் போகிறது என்று விட்டுவிட்டார். இப்போது பத்தாவது நிமிஷத்தில் தூணை விட்டு முதுகை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். ராஜாவின் தலையைப் பயில்வான் உடம்பின் மேல் வரைந்து வைக்கிற இடம் வந்தது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இந்த வடிவேலுவுக்கு ராஜபார்ட் தெரியுது பாப்பா. வாக்கியத்த எங்க ஏத்தணும், எங்க எறக்கணும்னு தெரிஞ்சு பேசுறான்” என்றார்.

அப்புறம் அவரே ‘உத்தமபுத்திரன்’ கதையை எடுத்தார். 1958ல் சிவாஜி நடித்தது. பிரிந்து வளரும் இரட்டைப் பிள்ளைகள், அதில் ஒருவனைக் கெடுத்துக் கைக்குள் வைத்திருக்கும் மாமன். அங்கே நம்பியார், இங்கே நாசர். புலிகேசியை இயக்கிய சிம்புதேவன் அந்தக் கதையின் எலும்பு ஒன்றைக்கூட உடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு மேலே சதையை மட்டும் மாற்றியிருக்கிறார் என்பது அவர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. இத்தனை தடவை பார்த்தவள் நான், எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு இருட்டுகிற வரை பேசினார். என்.எஸ்.கிருஷ்ணனின் கிந்தனார் காலட்சேபத்தைப் பாதி பாடியே காட்டினார், மூச்சு வாங்க வாங்க. 1949ல் வந்த ‘நல்லதம்பி’யில் அது இருக்கிறது, அறிஞர் அண்ணா எழுதிய படம். நந்தனார் நம்ம பக்கத்து மனிதர். திருப்புன்கூரில் நந்தி விலகிக் கிடப்பதை நீ என்னைத் தோளில் தூக்கிக் காட்டியிருக்கிறாய். அந்தச் சரித்திரத்தைக் கீர்த்தனையாக்கிய கோபாலகிருஷ்ண பாரதி இருந்ததும் மாயவரத்துக்குப் பக்கத்தில் ஆனந்ததாண்டவபுரம். நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான் என்றால் கிந்தன் பள்ளிக்கூடம் போக ஏங்குகிறான், படித்து உத்தியோகத்தோடு ஊருக்குத் திரும்புகிறான். அதே காலட்சேப நடை, அதே இழுப்பு. “நந்தனாரத் தொட்டு அதுல ஒரு கிண்டல் இருக்கா பாரு. அவர வெளிய நிறுத்துனவன்தான் மாட்டுறான்” என்றார் பெரியப்பா.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, அந்த ராத்திரியைப் பற்றி வாயைத் திறந்தார்.

“தம்பி அன்னைக்கு என்னையப் பண்ணினான்ல. அது தப்பே இல்ல. இருமல் எனக்கு இருந்துச்சு, பண்ணினான். பண்ணிட்டு சனங்களப் பாத்து சிரிச்சான் பாரு. அதத்தான் என்னால...”

முடிக்கவில்லை. தண்ணீர் கேட்டார். படம் சாய்ந்திருந்த செம்பையே எடுத்துக் கொடுத்தேன்.

நீ இருந்தது மேடையில், முகத்தில் விளக்கு. கீழே நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. நான் கீற்றுத் தட்டியின் ஓட்டை வழியாக அவரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். களத்தில் வைக்கோல் பரப்பி ஊரே உட்கார்ந்திருந்தது. அவர் வேஷம் கட்டும் அரிச்சந்திரன் நாடகத்தின் மயான காண்டத்தைத்தான் நாம் கிண்டலாகப் போட்டோம், நீ அரிச்சந்திரன். கால் பணமும் முழத்துண்டும் கேட்க வேண்டிய அரிச்சந்திரன் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ரெண்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மூணு கேட்டபோது பெரியப்பா துண்டை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்த ஆர்மோனியக்காரர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். அந்த அஞ்சு நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நான் எழுதிய வரிக்கு அரிச்சந்திரனே சிரிக்கிறார்.

பிறகு நீ விருத்தத்தை எடுத்தாய். மேலே போனாய். உச்சியில் இருமினாய். இருமிய கையோடு கோலைத் தரையில் ஓங்கித் தட்டினாய்.

அந்தத் தட்டு அவருடைய ரகசியம் அண்ணா. அறுபதுக்கு மேல் அவருக்கு மேல்ஸ்தாயி போகவில்லை. இருமல் முட்டும்போதெல்லாம் கோலைத் தட்டி, அதைச் சுடலைக் காவல்காரனின் கோபமாக மாற்றிவிடுவார். கூட்டம் அதற்குக் கைகூடத் தட்டியிருக்கிறது. ஆர்மோனியக்காரருக்கும் நம் வீட்டுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அது. அதை, அவருடைய கோலையே கேட்காமல் எடுத்துவந்து, அவர் ஊர் முன்னால் செய்து காட்டினோம். காட்டிவிட்டு நீ கூட்டத்தின் பக்கம் திரும்பிப் பல் தெரியச் சிரித்தாய். ஊர் ஒரு நொடி யோசித்தது. பிறகு புரிந்துகொண்டு சிரித்தது.

அவர் மடியில் இருந்த துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்தார். முன்வரிசையில் இருந்தவர் அல்லவா, பின்னால் இருப்பவர்களுக்கு மேடை மறைக்கக் கூடாது என்று முதுகை நன்றாக வளைத்துக் குனிந்தபடியே ஓரமாக நடந்து போனார். அவரை மனதில் நினைத்தாலே எனக்கு அந்தக் குனிந்த முதுகுதான் வருகிறது.

சரி. சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிரிப்பு உன்னுடையது இல்லை. என் நோட்டில், எட்டாம் பக்கத்தில், பச்சை மையில், “இருமல். கோலைத் தட்டவும். கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கவும்” என்று அடைப்புக்குறிக்குள் எழுதியவள் நான். ஒத்திகையில் நீ சிரிக்காமல் விட்டபோது, சிரித்தால்தான் சனங்களுக்குப் புரியும் என்று திரும்பத் திரும்பச் சொன்னவளும் நான்தான். எனக்கு அப்போது பதினேழு வயசு. டிவியில் வந்த நையாண்டி நிகழ்ச்சி லொள்ளு சபாவில் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு யூடியூபில் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தேன். அதில் நடித்த மனோகர் கையை அப்படி ஆட்டி ஆட்டிப் பேசுகிற இடத்திலும் முகம் அசையாமல்தான் இருக்கிறது. நான் தப்பாகப் பார்த்திருக்கிறேன்.

அதற்கப்புறம் எந்த நையாண்டிப் படம் கிடைத்தாலும் அந்த ஒரு விஷயத்துக்காகவே பார்த்தேன். ‘ஏர்ப்ளேன்’ என்று 1980ல் வந்த அமெரிக்கப் படம். 1957ல் வந்த ‘ஜீரோ அவர்’ என்ற விமான ஆபத்துப் படத்தின் உரிமையை முறையாக வாங்கி, அதன் கதையையும் பல வசனங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு கிண்டல் செய்திருக்கிறார்கள். அதுவரை கனமான வேடங்களில் நடித்துவந்த லெஸ்லி நீல்சன் போன்றவர்களைத் தேடிப் போட்டிருக்கிறார்கள். அந்த மனிதர் பேசுவது அத்தனையும் கிறுக்குத்தனம், முகம் மட்டும் உயிர் காக்கும் டாக்டரின் முகம். மெல் புரூக்ஸ் 1974ல் எடுத்த ‘யங் ஃப்ராங்கன்ஸ்டைன்’ கறுப்பு வெள்ளைப் படம். 1931ல் வந்த பழைய ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ படத்தின் ஆய்வுக்கூடச் சாமான்களையே தேடி வாங்கி வைத்துப் படம் பிடித்திருக்கிறார்கள். அதைப் படித்த அன்று எனக்குப் பெரியப்பாவின் கோல் ஞாபகம் வந்து வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அவர்கள் கேட்டு வாங்கினார்கள்.

ஆனால் ஒன்று, அண்ணா. மைக்கைப் பிடித்து “கதை, வசனம், இயக்கம்” என்று உன் பெயரை மட்டும் சொன்னது நீ. சந்திரமதியாக நானே நடிக்கிறேன் என்று எத்தனை கெஞ்சினேன். “ஊர்ல என்ன பேசுவாங்க” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, மீசையை மழித்த உன் கூட்டாளிக்குப் புடவை கட்டினாய். என் நோட்டு மேடை ஏறலாம், நான் ஏறக் கூடாது. மன்னிப்புக் கேட்கிற கடிதத்தில் இதை எழுதக் கூடாதுதான். விட்டால் நான் எழுதியது அத்தனையும் பொய்யாகிவிடும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அன்று ராத்திரி “இத யார்றா எழுதுனது” என்று அவர் கேட்டபோது நீ “நான்தான்” என்றாய். நான் நிலைப்படியில் நின்றேன். என்னைக் காப்பாற்றச் சொன்னாயா, மைக்கில் சொன்னதை மாற்ற முடியாமல் சொன்னாயா? இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்றே மாதத்தில் திருப்பூர் போய்விட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. அந்த மாசித் திருவிழாவில் அவர் வேஷம் கட்டவில்லை. அதற்கப்புறம் எப்போதுமே கட்டவில்லை. அந்த வீட்டில், அவருக்கு எதிரே, அந்த நோட்டை வைத்துக்கொண்டு இருந்தவள் நான். நீ வெளியே போய்விட்டதால் உனக்குத்தான் கஷ்டம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கும் இருந்தது.

காரியத்தன்று நடந்த பேச்சு, நீ அன்று இரவே கிளம்பியது, அந்த ஒன்றரை மா நிலம், எதையும் இங்கே எழுதப் போவதில்லை. நம்மவர்கள் படிப்பார்கள். நான் யார் பக்கமும் பேசவில்லை என்பதை மட்டும் பதிந்து வைக்கிறேன்.

2024 மார்ச்சில் லொள்ளு சபா சேசு இறந்தபோது உனக்குத்தான் முதலில் செய்தி அனுப்பினேன். நீ பார்த்துவிட்டாய் என்று இரண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. பெரியப்பா வீட்டு டிவிக்கு முன்னால் ஒரே தலையணையில் இரண்டு பேரும் தலை வைத்துப் பார்த்த நிகழ்ச்சி. ஒரு வரி எழுதியிருக்கலாம் நீ.

‘தமிழ்ப் படம்’ பார்க்க 2010 பிப்ரவரியில் கும்பகோணம் கூட்டிப்போனாயே, அதை நினைத்தால் இத்தனை கோபத்தையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாபநாசத்திலிருந்து நின்றுகொண்டே போனோம். சின்னப் பையன் சைக்கிள் பெடலை மிதித்து மிதித்துப் பெரியவனாகிற இடத்தில் நீ சீட்டை விட்டே எழுந்துவிட்டாய். வேறு பாட்டுகளிலிருந்து எடுத்த அர்த்தமில்லாத சொற்களை மட்டும் கோத்த ‘ஓ மகசீயா’வை வரும் வழியெல்லாம் பாடினோம். கடைசியில் வில்லன் யாரென்று பார்த்தால் பாட்டி பரவை முனியம்மா! இடைவேளையில் உன்னிடம் இருந்த காசுக்கு ஒரு பப்ஸ்தான் கிடைத்தது, அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் பசிக்கவில்லை என்றாய். இயக்குநர் அமுதனுக்கு அது முதல் படம் என்று பஸ்ஸில் சொன்னாய். “நாமளும் பண்ணலாம் பாப்பா, நீ எழுது” என்றாய். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பச்சை பேனாவை நீதான் வாங்கிக் கொடுத்தாய்.

இன்னொன்று இருக்கிறது. இதுதான் உண்மையான குற்றம்.

திண்ணையில் அவர் அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொன்னபோது, நான் எழுதியதுதான் பெரியப்பா என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அவர் தண்ணீர் குடித்து முடித்தார், செம்பைக் கீழே வைத்தார், நான் போனை மறுபடியும் அதில் சாய்த்துப் படத்தை ஓட விட்டேன். சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே உனக்குப் போன் போடச் சொல்லியிருப்பார். எனக்கு நிச்சயம் தெரியும். அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அடுத்த சனிக்கிழமை சொல்லலாம் என்று இருந்தேன். அவருக்கு என் மேல் இருந்த பிரியம் போய்விடும் என்று பயந்தேன். அவருக்குக் கடைசியாக ஒரு துணை நான்தான், அது கெட வேண்டாம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த நியாயத்தை இப்போதும் முழுக்க விட முடியவில்லை. ஆனால் உன் அப்பாவை உன்னிடம் திருப்பிக் கொடுக்க ஐந்து மாதம் என் கையில் இருந்தது, நான் கொடுக்கவில்லை.

மன்னித்துவிடு அண்ணா. எழுதியதற்கு, நின்றதற்கு, சொல்லாமல் விட்டதற்கு.

திவசம் காலை ஏழு மணிக்குக் குடமுருட்டிப் படித்துறையில். மழை பெய்து தண்ணீர் மேல்படி வரை வந்திருக்கிறது, அண்ணியையும் பிள்ளைகளையும் பார்த்து இறங்கச் சொல். கோல் இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. நாடகக்காரர்கள் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாமா என்று பெரியம்மா கேட்டார்கள். உன்னைக் கேட்காமல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நோட்டை எடுத்து வருவேன். பச்சை மை கொஞ்சம் மங்கியிருக்கிறது, ஆனால் படிக்க வருகிறது.

பாப்பா