பஞ்சை எடை போட்ட கைகளுக்கு

லேபர் வார்டு சிஸ்டர்களுக்கும், ஆயாம்மாக்களுக்கும், ரெக்கார்ட் ரூம் அண்ணனுக்கும், பிரசவத்தில் போகும் ரத்தத்தை அளந்து பார்த்த எங்கள் ஆய்வுக்குள் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து வந்த தாய்மார்களுக்கும் வணக்கம்.

போன மாதம் என் பணி ஓய்வு விழாவில் முதல்வர், துறைத் தலைவர்கள், பேராசிரியர்கள் என்று வரிசையாக நன்றி சொல்லி முடிப்பதற்குள் மாலையும் சால்வையும் வந்துவிட்டன. உங்களைப் பற்றிப் பேசாமலே மேடையிலிருந்து இறங்கிவிட்டேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை. சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

நான் ஆய்வுப் பக்கம் வந்த காரணம் உங்களில் சிலருக்குத்தான் தெரியும். மேற்படிப்பு மாணவியாக இருந்தபோது ஒரு ராத்திரி, இரண்டாவது பிரசவத்துக்கு ஒரு பெண் வந்திருந்தார். குழந்தை பிறந்தது, நஞ்சுக்கொடியும் முழுசாக விழுந்தது. கேஸ் ஷீட்டில் 'ரத்தப்போக்கு சுமார் 300 மில்லி' என்று எழுதியவள் நான்தான். விரிப்பில் ஊறியது, தரையில் துடைத்தெடுத்தது, பக்கெட்டில் போனது எதுவும் என் கணக்கில் வரவில்லை. நாடி ஏறியிருந்ததும் அதே ஷீட்டில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. விடியும்போது அவர் உயிரோடு இல்லை.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்தவுடன் கர்ப்பப்பைத் தசை இறுகி, அந்த ரத்தக்குழாய்களை நெரித்து மூட வேண்டும். இறுகாமல் தொளதொளவென்று கிடந்தால் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் நாம் நம்பியிருந்தது கண்ணளவை. ரத்தம் கூடக் கூட, கண் சொல்லும் கணக்கு உண்மையான அளவைவிட இன்னும் பின்தங்கிக்கொண்டே போகும்.

சிஸ்டர்களே, தராசைக் கொண்டுவந்து வைத்தது மட்டும்தான் என் வேலை. நனைந்த பஞ்சை எடை போட்டு, உலர்ந்த எடையைக் கழித்தால் மிஞ்சும் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ ஒரு மில்லி ரத்தம். சொல்வதற்கு எளிது. நைட் டியூட்டியில் அடுத்தடுத்து பிரசவம் வரும்போது, "மேடம், நான் குழந்தையைப் பார்க்கவா, தராசைப் பார்க்கவா?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. மறுவாரம் அவரே உலர்ந்த எடையைப் பிளாஸ்திரியில் எழுதி தராசின் மேல் ஒட்டி, தட்டையும் தராசையும் கைக்கெட்டும் தூரத்துக்கு மாற்றி வைத்திருந்தார். ஆய்வு நடந்தது அதனால்தான். துணிகளை ஒன்றுவிடாமல் எடுத்து வைத்துத் தந்த ஆயாம்மாக்களும் இல்லையென்றால் எடை போட எதுவும் இருந்திருக்காது.

புள்ளியியல் பார்த்துக் கொடுத்த தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. எடை பதிவாகாத பிரசவங்களை விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். "அளக்க ஏன் நேரம் இல்லாமல் போனது என்று பாருங்கள் மேடம், நிலைமை மோசமானவை அதில்தான் இருக்கும்" என்றார். அப்புறம் ரெக்கார்ட் ரூம் அண்ணன் தூசிக் கட்டுகளுக்குள் உட்கார்ந்து அந்த கேஸ் ஷீட்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். தம்பி சொன்னது சரியாகத்தான் இருந்தது.

நேரில் பார்த்திராதவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். பெலகாவி ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரிக்காரர்களோடு சேர்ந்து, கர்நாடகக் கிராமங்களில் 1,620 பெண்களுக்குப் பிரசவம் பார்த்த துணைச் செவிலியர்கள் அவர்கள். கர்ப்பப்பையை இறுக வைக்கும் மிசோப்ராஸ்டால் மாத்திரை கொடுத்தபோது, பிரசவத்துக்குப் பின் அதிக உதிரப்போக்கு ஏற்பட்ட பெண்கள் 12 சதவீதத்திலிருந்து 6.4 ஆகக் குறைந்ததை 2006-ல் உலகம் அறிந்தது அவர்கள் உழைப்பால். தாய்க்கு அடியில் விரிக்கும், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பையும் அந்த ஆய்வுக்காக உருவானதுதான்.

தாய்மார்களே, எட்டாம் மாதச் செக்கப்பில் உங்களிடம் ஒப்புதல் கேட்டோம். "என் ரத்தத்தை அளந்து என்ன பண்ணப் போறீங்க?" என்று ஒருவர் கேட்டார். விளக்கிச் சொன்னேன். "பின்னால வர்ற பொண்ணுக்கு ஆகும்னா அளந்துக்கோங்க" என்றார். எத்தனையோ மாநாடுகளுக்குப் போயிருக்கிறேன், இந்தத் துறையைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

2023-ல் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு வெளிவந்தது. அளவுப்பையால் சீக்கிரம் கண்டுபிடித்து, கர்ப்பப்பையைத் தேய்த்துவிடுவது, மருந்துகள், டிரிப், பரிசோதனை எல்லாவற்றையும் ஒருசேரத் தொடங்கினார்கள். கடும் உதிரப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை சிகிச்சை, அதனால் நேரும் மரணம் இவை சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது. அன்று வார்டில் உங்களுக்கு அதை வாசித்துக் காட்டினேன், நினைவிருக்கும். 2025-ல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னதைப் படித்தபோது மட்டும் யாரிடமும் பேச முடியவில்லை. 500 மில்லி வரை காத்திருக்க வேண்டாம், நாடியோ ரத்த அழுத்தமோ மாறியிருந்தால் 300 மில்லியிலேயே சிகிச்சையைத் தொடங்குங்கள் என்கிறது. அந்த ராத்திரி நான் எழுதிய எண்.

வார்டுக்குப் புது பஞ்சு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பழைய பிளாஸ்திரியைக் கிழித்துவிட்டு, உலர்ந்த எடையை மறுபடி போட்டு ஒட்டிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டாக்டரம்மா