முழு மனதோடு வைத்திருங்கள், இல்லையேல் இப்போதே விடுங்கள்
சென்னையின் எஃப்.சி. உரிமையாளர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

2025 மார்ச் 9ஆம் தேதி இரவு, இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்து சீசனில் நம் அணியின் கடைசி ஆட்டம் முடிந்து, நேரு விளையாட்டரங்கிலிருந்து சென்ட்ரல் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். ஜாம்ஷெட்பூரை 5-2 என்ற கணக்கில் வென்றிருந்தோம். எனக்கு முன்னால் நீல நிறச் சட்டையில் நான்கு இளைஞர்கள். ஐந்து கோல் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கோல்களைப் பற்றியல்லவா பேசிக்கொண்டு போக வேண்டும்? அவர்கள் பேசியது நம் தலைமைப் பயிற்சியாளர் ஓவன் கோய்லை அனுப்ப வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பற்றித்தான். ரயில் நிலையம் வரை அந்த வாக்குவாதம் ஓயவில்லை. நானும் காது கொடுத்துக்கொண்டே நடந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது என்னை விடவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோய்ல் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த விருப்பமல்ல. உங்களைப் பற்றிய ஓர் அச்சம். அதைப் பிறகு சொல்கிறேன்.

பதின்மூன்று அணிகளில் பதினோராவது இடம். இது வலிக்கத்தான் செய்கிறது. சீசனின் முதல் ஆட்டத்தில் புவனேஸ்வரில் ஒடிசாவை அவர்கள் மண்ணிலேயே 3-2 என்று வீழ்த்தியபோது நாங்கள் எவ்வளவு நம்பினோம்! அடுத்த ஆட்டமே சொந்த மைதானத்தில்; ஐ.எஸ்.எல்.லுக்குப் புதிதாக வந்த முகமதன் அணியிடம் 0-1. இந்த ஜனவரியில் நடந்ததை இன்னும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஒரே வாரத்துக்குள் இரண்டு ஆட்டங்கள், ஒடிசாவுடன் ஒன்று, முகமதனுடன் ஒன்று. இரண்டிலும் 2-0 என்று முன்னிலை. இரண்டிலும் கூடுதல் நிமிடங்களில் சமன் செய்ய விட்டுவிட்டு 2-2 என்று கலைந்தோம். அந்த வாரத்தில் கைநழுவிய நான்கு புள்ளிகளுக்குக் கோய்ல்தான் பொறுப்பு. முன்னிலையில் இருக்கும்போது ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்க, பந்தைத் தன் காலில் வைத்துக்கொள்ள, ஓர் அணிக்குக் கற்றுத்தர வேண்டியவர் பயிற்சியாளர். இதில் அவருக்காக வாதாட நான் வரவில்லை.

ஆனால் இந்த எண்களைப் பாருங்கள். 2020-21இல் பயிற்சியாளர் சாபா லாஸ்லோவின் கீழ் நாம் எடுத்தது 20 புள்ளிகள். அடுத்த ஆண்டு போஸிதார் பாண்டோவிச் வந்தார். கோவாவிடம் 0-5 என்று தோற்றதும் பாதியிலேயே அவரை அனுப்பிவிட்டு சையத் சபீர் பாஷாவிடம் பொறுப்பைக் கொடுத்தீர்கள். அந்த ஆண்டும் 20 புள்ளிகள். 2022-23இல் தாமஸ் பிர்தாரிச்: 27. 2023-24இல் கோய்ல்: 27. இந்த ஆண்டும் கோய்ல், அதே 27.

ஐந்து ஆண்டுகள், நான்கு தலைமைப் பயிற்சியாளர்கள், இடையில் ஒரு தற்காலிகப் பொறுப்பாளர். ஜெர்மானியரான பிர்தாரிச் ஒரு விதமாக ஆடச் சொல்கிறார், ஸ்காட்லாந்துக்காரரான கோய்ல் வேறு விதமாக ஆடச் சொல்கிறார். கணக்கு மட்டும் அசையவில்லை. வீட்டில் நான்கு சமையல்காரர்களை மாற்றியும் குழம்பின் ருசி மாறவில்லை என்றால், மளிகைப் பையைத் திறந்து பார்க்க மாட்டோமா?

நேர்மையாகப் பேச வேண்டுமானால் கோய்லுக்கு எதிரான பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பிர்தாரிச் எடுத்த 27 புள்ளிகள் இருபது ஆட்டங்களில் வந்தவை. கோய்லுக்குச் சென்ற ஆண்டு இருபத்திரண்டு ஆட்டங்கள், இந்த ஆண்டு இருபத்துநான்கு. அந்த வகையில் மூவாண்டுகளில் சிறந்தது பிர்தாரிச்சின் கணக்குதான்; அவரையும் ஒரே சீசனில் அனுப்பிவிட்டோம். சென்ற ஆண்டு ஆறாம் இடம் பிடித்து, கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றுக்குப் போனதைக் கொண்டாடினோமே, அது 27 புள்ளிகளுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். இந்த ஆண்டு ஆறாம் இடத்துக்கு 36 புள்ளிகள் தேவைப்பட்டன. சென்ற ஆண்டு நாம் நினைத்த அளவுக்கு உயரவுமில்லை, இந்த ஆண்டு நினைக்கிற அளவுக்கு விழவுமில்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறோம். மற்றவர்கள் நகர்ந்துவிட்டார்கள்.

நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணியைப் பாருங்கள். சென்ற ஆண்டு அவர்கள் எடுத்தது 26 புள்ளிகள். நமக்கு அடுத்து ஏழாம் இடம். பயிற்சியாளர் ஹுவான் பெத்ரோ பெனாலியை அவர்கள் மாற்றவில்லை. ஆகஸ்டில் மோகன் பகானை வீழ்த்தி டுராண்ட் கோப்பையை வென்றார்கள். இந்த லீக்கில் 38 புள்ளிகளுடன் நான்காம் இடம். நாமும் நம் பயிற்சியாளரை மாற்றவில்லை. பிறகு ஏன் அவர்களுக்கு 38, நமக்கு 27? அவர்கள் மொராக்கோவிலிருந்து அலாவுதீன் அஜராயி என்ற முன்கள வீரரைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்து வந்தார்கள். அந்த ஒரு மனிதர் லீக் சுற்றில் 23 கோல்கள் அடித்தார். பயிற்சியாளரை வைத்துக்கொண்டதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அவர் கையில் ஒரு வேலாயுதத்தைக் கொடுத்தார்கள்.

கோய்ல் கையில் வேல் இருந்தால் என்ன நடக்கும் என்பதைச் சென்னையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019 டிசம்பரில் அவர் முதல் முறை வந்தபோது ஆறு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றியோடு கிடந்தோம். அதே வீரர்களைக் கொண்டே அவர் அணியை எழுப்பினார். முன்கள வீரர் வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல் அடித்தார், நடுக்கள வீரர் கிரிவெல்லாரோ பந்தைத் தொட்டாலே அரங்கம் எழுந்து நின்றது. அரையிறுதியில் கோவாவை இங்கே 4-1 என்று புரட்டியெடுத்த இரவில் என் பக்கத்து இருக்கைப் பெரியவர், முன்பின் தெரியாத என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கோவாவின் ஃபதோர்தாவில் ஆளில்லா அரங்கத்தில் இறுதி ஆட்டத்தில் தோற்றோம், பரவாயில்லை. பிறகு அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் அங்கே போனார். 2021-22இல் கிரெக் ஸ்டூவர்ட் என்ற வீரரை வைத்துக்கொண்டு 43 புள்ளிகளோடு, லீக் சுற்றில் முதலிடத்துக்கான கேடயத்தை வென்றார். அந்த ஆண்டு நமக்கு 20. இந்த ஆண்டிலும்கூட, ஐந்தாம் இடம் பிடித்த ஜாம்ஷெட்பூருக்கு எதிராக அவருடைய அணி அங்கே ஐந்து கோல், இங்கே ஐந்து கோல் போட்டது. தாக்கி ஆடச் சொல்லித்தரத் தெரியாதவரின் அணி அப்படி ஆடாது.

இனி என் அச்சத்துக்கு வருகிறேன்.

நீங்கள் அவரை அனுப்பிவிடுவீர்கள் என்பதல்ல அது. அரை மனதோடு வைத்துக்கொள்வீர்கள் என்பதே. இதை ஒருமுறை செய்திருக்கிறீர்கள். 2018 மார்ச்சில் பெங்களூருவில் கோப்பையை வென்று தந்த பயிற்சியாளர் ஜான் கிரிகரி, அடுத்த சீசனில் பதினெட்டு ஆட்டங்களில் ஒன்பதே புள்ளிகளோடு நம்மைக் கடைசி இடத்தில் நிறுத்தினார். ஆனாலும் அவரை வைத்துக்கொண்டீர்கள். நன்றிக்கடன் என்று நாங்களும் மகிழ்ந்தோம். நவம்பர் முடிவதற்குள், ஆறே ஆட்டங்களில், பிரிவு. கோடையை அவருக்குக் கொடுத்தீர்கள், வீரர்களை அவரோடு சேர்ந்து எடுத்தீர்கள், முன்தயாரிப்பை அவரிடம் ஒப்படைத்தீர்கள். அந்த அணியை இன்னொருவர் கையில் கொடுத்தீர்கள். அன்று வந்தவர் கோய்ல் என்பதால் தப்பித்தோம். ஒவ்வொரு முறையும் அப்படி ஒருவர் வந்து நிற்க மாட்டார்.

கோய்லுக்கே இது புதிதல்ல. இங்கிலாந்தில் போல்டன் அணி 2012இல் பிரீமியர் லீக்கிலிருந்து கீழிறங்கியபோது அவரை அனுப்பவில்லை, அக்டோபரில் அனுப்பினார்கள். சென்ற ஆண்டு மான்செஸ்டர் யுனைடெட் எட்டாம் இடத்தில் முடித்தும், எஃப்.ஏ. கோப்பையை வென்றதற்காக எரிக் டென் ஹாக்கை வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தையும் நீட்டியது. அவருக்காகக் கோடையில் கோடிக்கணக்கில் கொட்டி வீரர்களை வாங்கியது. அக்டோபர் 28இல் அவரை வெளியே அனுப்பியது. அங்கே பணம் கொழிக்கிறது, ஒரு சீசனை வீணாக்கினாலும் தாங்கிக்கொள்வார்கள். நமக்கு அது கட்டுப்படியாகாது. அரங்கத்தில் காலி இருக்கைகள் கூடிக்கொண்டே போவதை நீங்களும் பார்க்கிறீர்கள் அல்லவா?

முழு மனதோடு வைத்துக்கொண்டதற்கும் நம்மிடமே சான்று இருக்கிறது. 2015இல் பத்து ஆட்டங்களில் பத்துப் புள்ளிகளோடு பட்டியலின் அடியில் கிடந்தோம். அன்றைய பயிற்சியாளர் மட்டராஸியைப் போகச் சொல்லாதவர்கள் யார்? நீங்கள் அசையவில்லை. அடுத்த நான்கு ஆட்டங்களையும் வென்றோம். அந்த டிசம்பரில் ஊரே வெள்ளத்தில் மூழ்கியது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மூன்று நாள் மின்சாரம் இல்லை. சொந்த மண்ணில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள், 3-0 என்று கொல்கத்தாவை வென்றார்கள். கோவாவில் இறுதி ஆட்டத்தில் 89ஆம் நிமிடத்தில் 1-2 என்று பின்தங்கியிருந்தோம். மெண்டோசா அடித்த கடைசி கோலோடு 3-2. ஈரம் காயாத வீட்டில், நனைந்து உப்பிய கட்டிலில் உட்கார்ந்து அந்த கோலைப் பார்த்தேன். இந்த அணியோடு எனக்குள்ள உறவு அன்று உறுதிப்பட்டது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். கோய்ல் இருப்பதாக இருந்தால், இருக்கிறார் என்று ஏப்ரலுக்குள் அறிவியுங்கள். அறிவித்தால், டிசம்பரில் ஆறு ஆட்டம் தோற்றாலும் அந்தச் சொல்லில் நில்லுங்கள். வெளிநாட்டு வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் கடைசி வார்த்தை யாருடையது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர் கேட்ட வீரரைக் கொடுத்துவிட்டுத் தோல்விக்குக் கணக்குக் கேட்டால் அது நியாயம். வேறொருவர் பொறுக்கிய வீரர்களைக் கொடுத்துவிட்டு அவரிடம் கணக்குக் கேட்பது அநியாயம். இருபது, இருபது, இருபத்தேழு, இருபத்தேழு, இருபத்தேழு: இந்த ஐந்து ஆண்டுக் கணக்கைத் தேர்வாளர்கள் முன்னால் வைத்து, அவர்களிடமும் ஒருமுறை கேளுங்கள்.

அவர்மீது நம்பிக்கை போய்விட்டதா? அப்படியானால் இந்த மாதமே கைகுலுக்கி அனுப்புங்கள். இரண்டு முறை இந்த ஊருக்கு வந்து, எங்களுக்கு ஓர் இறுதி ஆட்டத்தைக் காட்டியவர், மரியாதையோடு போகட்டும். வருகிறவருக்கு முழுக் கோடையும் கிடைக்கட்டும்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. பெங்களூருவுக்காக ஓடும் சிவசக்தி நாராயணன் கண்டனூர்ப் பையன். ஈஸ்ட் பெங்காலின் நந்தகுமார் சேகர் இந்தச் சென்னையில் வளர்ந்தவர். 2023 டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த கோலை கொல்கத்தா இன்னும் பேசுகிறது. வியாசர்பாடியில் மாலை ஐந்து மணிக்குப் போய் நின்று பாருங்கள், செருப்பில்லாத கால்கள் பந்தோடு என்னென்ன செய்கின்றன என்று. பயிற்சியாளர் யாராக இருந்தாலும், அந்த மைதானங்களுக்கு அவரை அழைத்துப் போகும் பொறுப்பு உங்களுடையது. ஸ்காட்லாந்திலிருந்து வந்தவருக்கு வியாசர்பாடிக்கு வழி தெரியாது.

அடுத்த சீசன் டிக்கெட்டுக்கான பணத்தை எடுத்து வைத்துவிட்டேன். பயிற்சியாளர் கோய்லா, வேறொருவரா என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நவம்பரில் அல்ல.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
2014 முதல் உங்கள் அரங்கத்துக்கு வந்துகொண்டிருக்கும்
பெரம்பூர் ரசிகர் ஒருவர்
மார்ச் 2025