வாசலில் ஒரு பலகை

தம்பிக்கு,

நேற்று நம் புதுச்சேரி வீட்டு வாசலில் பலகை மாட்டிவிட்டார்கள், 'பாரம்பரியக் கட்டடம்' என்று. திண்ணைக்கு வலப்பக்கம், தபால்பெட்டிக்கு மேலே. டிரில் போட்டபோது ஒரு கைப்பிடி காரை உதிர்ந்தது. கொட்ட மனமில்லாமல் முறத்தில் அள்ளி வைத்திருக்கிறேன். போட்டோ அனுப்பினால் நீ கட்டைவிரல் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு "இனி விற்க முடியுமாம்மா?" என்று கேட்கிறாய். போனில் பேசினால் பாதியில் மெட்ரோவில் ஏறிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

விற்கலாம். இடிக்கத்தான் லேசில் விடமாட்டார்கள்.

மாட்ட வந்த பையன், "ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டு வரிசையில நீங்களும் சேர்ந்துட்டீங்கம்மா" என்றான். எனக்குச் சிரிப்பு. அவர் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்கு மொழிபெயர்த்துச் சொன்ன துபாஷி, உன் கொள்ளுத்தாத்தா பெரிய மார்க்கெட்டில் கணக்கு எழுதியவர். சின்ன வயதில் உன்னை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனேனே, கீழே நம்மூர் மரத்தூண், மேலே பிரெஞ்சுக்காரர் பாணியில் தூண் என்று காட்டினேன், நீ ஐஸ் வேண்டும் என்று அழுதாய். 1736-லிருந்து 1761 வரை அந்த மனுஷன் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். அவர் கண்மூடின சில நாளில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய், வெள்ளைக்காரர் பகுதியையே இடித்துத் தள்ளினார்கள். அவர் வீடு தப்பித்தது. நாட்குறிப்பு வெளியே தெரிய வந்ததே 1846-ல்தான். இதை நினைத்துக்கொண்டு நானும் நம் பரணில் ஏறிப் பார்த்தேன். உன் சைக்கிள் பம்பும் அப்பா சேர்த்து வைத்த கரண்ட் பில்லும் கிடந்தன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பின்கட்டுச் சுவர் பூத்துப்போய்க் கிடக்கிறது. இருபது வருஷத்துக்கு முன்னால் நாம் சிமென்ட் பூசினோமே, அந்தச் சுவர்தான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும், மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று உப்பாகப் பூத்துச் செங்கல்லைத் தின்னும் என்று கொத்தனார் சொல்கிறார், சொல்லிவிட்டு விரலால் ஒரு தட்டு தட்டினார், ஒரு தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. அப்போது அவரைக் கேட்டிருக்கலாம். நமக்குத்தான் அவசரம், உன் அக்கா கல்யாணம்.

வைசியாள் வீதியில் ஒழுங்காகச் செய்தார்கள். ஐரோப்பியப் பணம், இத்தாலியிலிருந்து உர்பினோ, நீ இருக்கிற பிரான்ஸிலிருந்து வில்நெவ்-சுர்-லோ என்று இரண்டு ஊர்கள் நம்மோடு கூட்டு. வீட்டு முகப்பு, தெருத் தாழ்வாரம் எல்லாம் பழையபடி வந்து, 2008-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. நம் தெருவுக்கு அப்படி யாரும் வரவில்லை. எதிர்வீடு போன ஆடியில் தரைமட்டம், இப்போது அங்கே கண்ணாடி வைத்த லாட்ஜ் எழும்புகிறது. அவர்களையும் குறை சொல்ல மாட்டேன், ஐந்து பங்காளிகள், ஐந்து பேருக்கும் பணம் வேண்டியிருந்தது.

பலகை மழையைத் தடுக்காது தம்பி. பீச் ரோட்டில் அவ்வளவு பெரிய மேரி கட்டடம், பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி அலுவலகம், 2014 நவம்பர் மழையில் சரிந்து விழவில்லையா? அப்புறம் புதிதாகக் கட்டினார்கள், பார்க்க அதே மாதிரிதான் இருக்கிறது. எனக்கு என்னவோ அதைத் தாண்டும்போது இறந்துபோனவர் போட்டோவைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

முற்றத்துப் பக்கம் ஒரு உத்தரத்தில் கறையான். அதை மாற்றி, மட்டப்பா ஒழுக்கை அடைத்து, பின்சுவர் சிமென்ட்டை உரித்துச் சுண்ணாம்பு பூச வேண்டும். கையில் இருப்பது உத்தரத்துக்குத்தான் போதும். மிச்சத்துக்கு நீயும் அக்காவும் பேசி ஒரு பதில் சொல்லுங்கள், விற்றுவிடலாம் என்றாலும் அதையும் நேரில் வந்து சொல், வாட்ஸப்பில் வேண்டாம்.

கொத்தனார் தை பிறந்து வருகிறார். சுண்ணாம்பு ஊற வேண்டும், கடுக்காயும் வெல்லமும் வாங்கச் சொல்லியிருக்கிறார். மாடி அறையை ஒழித்து வைக்கிறேன். அது ஒழுகாது.

அம்மா